அளவு ஜாக்கெட்

என் வீட்டுக்காரர் கண்ணையன் நெல்லித்தோப்பில் லேடீஸ் டெய்லர். அவருடைய அப்பா மில் தொழிலாளி. மில் மூடியதும் மகனைத் தையல் மெஷினில் உட்கார வைத்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போய்ச் சேர்கிற வரைக்கும் இவர் அதைவிட்டு எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

பிரான்சிலிருந்து வருஷா வருஷம் ஊருக்கு வரும் மதாம் ஜிசேல், பெட்டியை வீட்டில் வைத்த கையோடு இவர் கடைக்குத்தான் வருவார். ரோப் என்று அவர்கள் சொல்லும் கவுனை இங்கேதான் தைத்துக்கொள்வார். "அங்க வாங்குறதெல்லாம் ஆணியில மாட்டுன மாதிரி இருக்கு கண்ணையன். நீங்க தச்சாதான் என் உடம்புல உக்காருது" என்பார். இவர் அவர்கள் பாஷையிலேயே "மெர்சி மதாம்" என்று நன்றி சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்க்கப் போய்விடுவார். பெருமையை முகத்தில் காட்டத் தெரியாத மனுஷன். எனக்கு நன்றாகவே காட்ட வரும். அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

என் இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்தது. சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டேன். எலும்புக்குக் கட்டுப் போட்டவர் கோணலாகச் சேர்த்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று அம்மா என் முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தி உட்கார வைத்தாள். நிச்சயமானதும் மாப்பிள்ளை, கல்யாண ஜாக்கெட்டைத் தானே தைப்பதாகச் சொல்லி அளவு ஜாக்கெட் கேட்டு அனுப்பினார். என் ஜாக்கெட்டைப் பார்த்தால் ஒரு டெய்லருக்குத் தெரியாமல் போகுமா? அம்மா என் அக்காவுடையதைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

தைத்து வந்ததைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. இடது தோளின் உள்பக்கம் மட்டும் துணியை மடித்து மடித்து வைத்து, வெளியே தெரியாமல் தைத்திருந்தார். போர்த்திய முந்தானைக்கு மேலேயே கண்ணால் அளந்திருக்கிறார். அம்மா அழுதுவிட்டாள். நான் அழவில்லை. அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. குழாயடியிலிருந்து குடத்தை அவரே தூக்கி வருவார். தெருவில் பொண்டாட்டிதாசன் என்று கேலி செய்தார்கள். "ஆமா, அதுக்கென்ன இப்ப" என்று சொல்லிக்கொண்டே குடத்தை இறக்கி வைப்பார். தீபாவளிக்குக் கடையில் துணி மலையாகக் குவிந்து கிடந்தாலும் முதலில் வெட்டுவது என் ஜாக்கெட்டைத்தான். வீட்டில் நான் போட்டுக்கொள்ளும் நைட்டியும் அவர் தைத்ததுதான். பெற்ற மகள் சிந்துஜாவுக்குக்கூட என் தோள் சங்கதி தெரியாது.

போன மாதம் சிந்துஜாவுக்குக் கல்யாணம். பக்கத்துத் தெருவில் தைக்கும் அம்மாவாசையிடம் என் ஜாக்கெட்டுக்குப் பட்டுத்துணியையும், என் வீட்டுக்காரர் எனக்குக் கடைசியாகத் தைத்ததில் ஒன்றை அளவு ஜாக்கெட்டாகவும் கொடுத்தேன். "இதே மாதிரி தச்சிடு" என்று மட்டும் சொன்னேன். தோளைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. டெய்லர்களுக்கே உரிய வழக்கப்படி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கொண்டுவந்து கொடுத்தான். போட்டுப் பார்க்க எனக்கு நேரமில்லை.

மறுநாள் காலையில் மண்டபத்தில், மணப்பெண் அறையில் நான் புடவை கட்டினால் முந்தானை தோளில் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஊக்கு குத்தினேன். ஊக்கோடு சேர்ந்து சரிந்தது. என் நாத்தனார் கலைமகள் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, ஜாக்கெட் ஒரு பக்கமா இறங்கிக் கெடக்கு? தச்சவன் எங்க?"

விருந்துக்கு வந்திருந்த அம்மாவாசையைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டாள். அதே நேரம் பூத்தட்டோடு சம்பந்தியம்மாள் செல்வாம்பாளும் உள்ளே வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா" என்றான் அம்மாவாசை. "அளவு ஜாக்கெட்டுல எடது தோளு மேல ஏறி இருந்துச்சி. உள்ள ஒட்டுத்துணி வேற. கண்ணையன் அண்ணன் கடைசில கண்ணு தெரியாம வெட்டிட்டு, ஒட்டுப் போட்டு சமாளிச்சிருக்காரு. நான் ரெண்டு பக்கமும் சமமா வெட்டி சரி பண்ணிட்டேன்."

நல்ல மனதோடுதான் சொன்னான். "பாவம், வயசானா கை தடுமாறத்தானே செய்யும்" என்றார் சம்பந்தியம்மாள். கலைமகள் தன் அண்ணனுக்காகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் தோள் தப்பித்துவிடும். ஆனால் வெட்டத் தெரியாமல் ஒட்டுப் போட்டவர் என்ற பேர் அவருக்கு நின்றுவிடும். சொன்னாலோ, மகள் கல்யாணத்தன்று சம்பந்தி முன்னால் நான் கோணல் தோள்காரி. அம்மா அத்தனை பாடுபட்டு மறைத்ததெல்லாம் வீண்.

போகட்டும் என்று ஊக்கைக் கழற்றினேன். முந்தானையைத் தோளோடு ஒட்ட இழுத்துப் பிடித்துக்கொண்டு நேராக நின்றேன்.

"அவரு கை தடுமாறல. நல்லாப் பாருங்க, கோணல் ஜாக்கெட்டுல இல்ல, என் தோளுல இருக்கு. சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். முப்பது வருசமா இந்தத் தெருவுல நடமாடறேன். உங்கள்ல ஒருத்தராவது பாத்திருக்கீங்களா?"

சிந்துஜா எழுந்து வந்து என் இடது தோளில் கை வைத்தாள்.

"எனக்கே தெரியாதேம்மா."

"தெரிஞ்சிருந்தா உங்கப்பா என்னடி டெய்லரு?"

அம்மாவாசையின் முகம் சுண்டிப்போனது. "அந்த அளவு ஜாக்கெட்ட இன்னொரு தடவ குடுங்கக்கா, பாக்கணும்" என்றான். "அரை மணி நேரம் குடுத்தா இதையும் பிரிச்சித் தச்சிக் குடுத்துடறேன்."

"வேணாம்பா" என்றேன். "இன்னிக்கி இப்படியே இருக்கட்டும்."

சம்பந்தியம்மாள் பூத்தட்டைக் கீழே வைத்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன். "எங்க வீட்டுக்காரரு எனக்கு ஒரு ஜாக்கெட் கொக்கி அறுந்தாக்கூட தச்சிக் குடுத்ததில்ல சம்பந்தி" என்றார். கலைமகள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

தாலி கட்டி முடிந்ததும் மேடையில் மாப்பிள்ளை பக்கத்தில் சம்பந்தியம்மாள், மகள் பக்கத்தில் நான் என்று நின்றோம். போட்டோ எடுக்க வந்த பையன் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கினான்.

"அம்மா, எடது தோள் எறங்கித் தெரியுது. கொஞ்சம் நேரா நில்லுங்க."

"அத நேரா நிக்க வச்சவரு போயிட்டாரு தம்பி" என்றேன். "நீ இப்படியே எடு."