கோயில் காட்டிய கிழக்கு

கஜேந்திரனின் தொலைநோக்கி வானத்தில் எதைக் கேட்டாலும் தானே தேடிப் பிடித்துக் காட்டும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. மடிக்கணினியில் பெயரைத் தட்டினால் போதுமாம். மோட்டார் முனகும், குழாய் திரும்பும், கேட்ட நட்சத்திரத்துக்கு நேரே போய் நிற்கும். ராகலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்திலும் அது ஒழுங்காக முனகியது, திரும்பியது, நின்றது. நின்ற இடத்தில் நட்சத்திரம் மட்டும் இருக்கவில்லை.

கஜேந்திரன் வலப்பனைக்காரன். ராகலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். தோட்டத்துப் பெண் அனோஜாவைக் கட்டி, மாமனார் லெட்சுமணன் வீட்டிலேயே தங்கிவிட்டவன். வீட்டோடு மாப்பிள்ளைக்கு ஊரில் என்ன மரியாதை கிடைக்குமோ அது அவனுக்கும் கிடைத்தது. தொலைநோக்கி வந்த பிறகு அதிலும் கொஞ்சம் குறைந்தது. முதல் நாள் லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் கூடி நின்று, கார்த்திகை நட்சத்திரத்தைக் காட்டச் சொன்னார்கள். கார்த்திகை தலைக்கு மேலே பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது, கைக்குழந்தைகூட விரல் நீட்டும். இயந்திரமோ அதை விட்டுவிட்டு வெறும் இருட்டில் போய் நின்றுகொண்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்று பீப் சத்தமும் போட்டது. மானம் போவதென்றால் அதுதான்.

அந்தச் சனியனை வைக்க இடம் கிடைத்ததே பெரும்பாடு. மலையில் சமதரை என்ன சாமானியமாகக் கிடைக்கிற பொருளா? காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் விடிய விடிய விளக்கு எரியும். பந்தடிக்கிற இடம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். மிஞ்சியது மாரியம்மன் கோயில் முற்றம். கோயில் தலைவரே லெட்சுமணன்தான், மருமகனுக்கு இடம் தராமலா போவார் என்று நினைத்தால், செயலாளர் செல்லசாமி குறுக்கே விழுந்தார். அம்மனுக்கு முன்னால் மூன்று கால் இயந்திரம் கோணல்மாணலாக நிற்பது ஆகாது என்றார். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோயிலுக்கு நேராக முற்றத்துச் சீமெந்தில் சிவப்புக் கோடு போட வேண்டும். இயந்திரத்தின் கால்கள் கோட்டில் குறித்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மாசித் திருவிழாக் கொடியேறுகிற அன்று, பொழுது சாய்ந்ததும் கார்த்திகையைத் திரையில் எல்லாருக்கும் காட்ட வேண்டும். காட்டினால் இயந்திரம் முற்றத்தில் இருக்கலாம். காட்டாவிட்டால் மறுநாளே கிளம்பிவிட வேண்டும்.

கிளம்பினால் வேறு போக்கிடம் கிடையாது, யாருக்காவது தள்ளிவிட வேண்டியதுதான். பகலெல்லாம் அடுத்தவர்களின் உடைந்த போனுக்குள் குனிந்து கிடக்கிற மனுஷன் கஜேந்திரன். நிமிர்ந்து பார்க்கிறதென்று அவனுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

சிவப்புக் கோட்டை அவன் மனமாரத்தான் ஏற்றுக்கொண்டான். இந்த வகைத் தொலைநோக்கிக்கு வடக்கு எது என்பதை முதலில் சரியாகக் காட்டிவிட வேண்டும். அச்சு துருவ நட்சத்திரத்துக்கு நேராக இருந்தால்தான் மிச்சக் கணக்கெல்லாம் ஒத்துவரும். வெளிநாட்டுக்காரர்கள் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தே வைத்துவிடுகிறார்கள். நம் நாட்டில் அது அடிவானத்தை ஒட்டித் தவழ்கிறது. தோட்டத்திலோ வடக்கே மலை, மலைக்கு மேலே மூட்டம். போனில் திசைகாட்டியைத் திறந்தால், லயத்துத் தகரமும் கோயில் கம்பியும் சேர்ந்து அதற்குக் கிறுக்குப் பிடிக்கவைத்தன. ஒரு நேரம் தொழிற்சாலையை வடக்கு என்றது, ஒரு நேரம் அனோஜாவை வடக்கு என்றது. கோயில் அப்படியா? அம்மன் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். தோட்டத்தில் யாரிடம் திசை கேட்டாலும் கோயில் வாசலைத்தான் கைகாட்டுவார்கள். வீட்டுக்கு நிலை வைக்கிறவனும் அதைப் பார்த்துத்தான் வைக்கிறான். கஜேந்திரன் வாசலுக்கு நேரே நூல் பிடித்து, கொத்தனாரிடம் மூலைமட்டம் இரவல் வாங்கி வடக்கை எடுத்தான். இதைவிடப் பத்திரமான வடக்கு உலகத்திலேயே கிடையாது என்று நம்பினான்.

பிறகு தொடங்கியது வைத்தியம். கணினியின் நேரத்தைத் திருத்தினான். ஊர் இருக்கும் இடத்தைப் பூமத்திய ரேகைக்குத் தெற்கே போட்டுவிட்டோமோ என்று பார்த்தான், வடக்கேதான் இருந்தது. மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். வயரை மாற்றினான். மோட்டாரைக் கழற்றி எண்ணெய் போட்டு, பூட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியதால் மறுபடியும் கழற்றினான். ஒரு நட்சத்திரத்தைக் கையால் பிடித்து, இதுதான் அது என்று சொல்லிக்கொடுத்தால் அந்தப் பக்கத்தில் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்டது. மறுபக்கம் திருப்பினால் பழைய புத்திதான். இணையத்தில் இதற்கென்றே கூடிப் பேசுகிறவர்களிடம் கேட்டான். உங்கள் வடக்கு தப்பு என்று கனடாவிலிருந்து ஒருவர் எழுதினார். வடக்கைக் கோயிலை வைத்து எடுத்திருக்கிறோம் என்று கஜேந்திரன் பணிவாகப் பதில் எழுதினான். அதற்குப் பிறகு அந்த ஆள் பேசவில்லை.

மென்பொருளின் புதிய பதிப்பில், துருவ நட்சத்திரம் தெரியாதவர்களுக்கென்று ஒரு வசதி வந்திருந்தது. வானத்தில் மூன்று இடங்களைப் படம் எடுக்கும். படத்தில் விழுந்த நட்சத்திரங்களை வைத்து, தான் உண்மையில் எங்கே பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். சொன்னது. பன்னிரண்டு பாகை. மறுபடி கேட்டான், பன்னிரண்டு. மூட்டம் விலகிய இன்னொரு நாள் கேட்டான், அன்றும் பன்னிரண்டு. கஜேந்திரன் மென்பொருளைத்தான் சந்தேகப்பட்டான். அம்மனைச் சந்தேகப்பட அவனுக்கென்ன பைத்தியமா?

ஆனாலும் மனம் கேட்கவில்லை. முற்றத்தில் ஆளில்லாத ஒரு சாயந்தரம், கோட்டை விட்டுக் கால்களை மென்பொருள் சொன்ன பக்கம் திருப்பி வைத்து, கார்த்திகை என்று தட்டினான். திரைக்கு நட்டநடுவில் கார்த்திகை வந்து உட்கார்ந்தது. வேறு நட்சத்திரம் கேட்டான், அதுவும் நடுவில். வானத்தின் அந்தக் கோடியில் ஒன்று கேட்டான், அதுவும் அப்படியே. சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டிய மனுஷன், மெல்லத் திரும்பிக் கோயிலைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தான். கோயில் கூரை தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகக் கிழக்கை விட்டுத் தெற்குப் பக்கம் சாய்ந்து நின்றது. அனோஜாவிடம் காட்டினான். போனை நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். நேராகப் பிடித்தான். அவளே வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

காலையில் மாமனார் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, சும்மா கேட்கிற மாதிரி கேட்டான். "மாமா, கோயிலுக்கு அத்திவாரம் போட்டப்ப கெழக்க எப்பிடிப் பாத்தீங்க?"

"நாந்தான் நூல் புடிச்சேன்," என்றார் லெட்சுமணன். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதுதான் சிக்கலே. லெட்சுமணன் பிடித்த நூல் கோணாது என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்த நூலால்தான் இத்தனை வருஷமும் அவர் தலைவராக இருக்கிறார். அது கோணல் என்று வெளியே தெரிந்தால் செல்லசாமி சும்மா விடுவாரா? தலைவர் பதவி போகும், மரியாதை போகும், கோயிலையே இடித்துத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பார்கள். கோட்டில் வைத்தபடியே தலையை மட்டும் திருப்பலாம் என்றால், அதற்கென்று இருந்த குமிழ் ஐந்தாறு பாகைக்கு மேல் அசைய மாட்டேன் என்றது. ஆக, கோட்டை விட்டு விலகினால் கார்த்திகை கிடைக்கும், மாமனார் கவிழ்ந்துவிடுவார். கோட்டில் நின்றால் மாமனார் தப்பிப்பார், இயந்திரம் போய்விடும். கஜேந்திரன் இரண்டு நாள் கடையில் யாருடைய போனையும் ஒழுங்காகத் திருத்தவில்லை.

"எங்கப்பாவ செல்லசாமி மாமா வாயில போட்டுறாதீங்க," என்றாள் அனோஜா. அதோடு முடிந்தது.

கொடியேறிய அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இதற்கென்று மூட்டம் வரவே இல்லை, வந்திருந்தால் பழியை அதன் தலையிலாவது போட்டிருக்கலாம். கோயில் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பள்ளிக்கூடத்து புரொஜெக்டரையும் கொண்டுவந்து வைத்தார்கள். லயம் லயமாகச் சனம் வந்தது. உச்சிக்கு மேற்கே அரை நிலா, அதற்குக் கொஞ்சம் தள்ளிக் கார்த்திகை. கஜேந்திரன் மூன்று கால்களையும் சிவப்புக் குறியில் வைத்தான். கார்த்திகை என்று தட்டினான். மோட்டார் முனகியது, குழாய் திரும்பியது, பீப் என்றது. வேட்டியில் ஒன்றுமே இல்லாத வானம் பெரிதாக விழுந்தது.

சிரிப்பு எழுந்தது. செல்லசாமி கெட்டவர் இல்லை, ஆனாலும் அந்த நேரத்தை அவர் அனுபவிக்காமல் இல்லை. மேலே கையைக் காட்டி, அந்தா இருக்கே தம்பி, உங்களுக்குத் தெரியலியா என்று கேட்டார். இயந்திரத்தில் பழுது, தன்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றான் கஜேந்திரன். பொய் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. குழாய்க்குப் போட மூடியைக் கையில் எடுத்தான். அப்படியென்றால் காலையில் எடுத்துவிடுங்கள் என்றார் செல்லசாமி. சரி என்றான்.

லெட்சுமணன் முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மூடாதீங்க மாப்பிள்ள," என்றார். "மெசின்ல ஒரு பழுதும் இல்ல. கோடுதான் கெழக்கப் பாக்கல. கோயிலும் பாக்கல. அது அஞ்சாம் லயத்தப் பாக்குது."

அஞ்சாம் லயம் என்று தோட்டத்தில் இப்போது ஒன்றும் கிடையாது. எதிர்மலையில் இருந்தது. அனோஜா பிறப்பதற்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்து அதை மூடிவிட்டது. சிலரைத் தோண்டி எடுத்தார்கள். மழை விடாததால் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள், பிற்பாடு மேலே தேயிலையும் வைத்துவிட்டார்கள். எடுக்காமல் விட்டவர்களில் லெட்சுமணனின் தங்கை காளியாயி ஒருத்தி. அடுத்த வருஷம்தான் கோயிலுக்கு அத்திவாரம் போட்டது.

"மொதல்ல கெழக்கப் பாத்துதான் நூல் புடிச்சேன்," என்றார் லெட்சுமணன். கோயில் கூட்டத்தில் கணக்கு வாசிக்கிற அதே குரல். "நிமிந்து பாத்தா அந்த எடம் ஒரு பக்கமாத் தெரியுது. அம்மன் எந்தங்கச்சியப் பாக்காம வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கிறதான்னு மனசு கேக்கல. ஆளுங்க தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் முளையப் புடுங்கி மாத்தி அடிச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. தப்புதான். திருப்பிக் கட்டணும்னா கட்டிக்குங்க. மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கஜேந்திரன் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனார் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. அவனுக்காக ஒரு சொல் பேசியும் கேட்டதில்லை. எல்லாரும் செல்லசாமியைத்தான் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் கோயில் வாசலையும் எதிர்மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கஜேந்திரன் பக்கத்தில் வந்தார்.

"எங்கண்ணனும் அங்கதான் கெடக்கான் தம்பி," என்றார். "இது அந்த மலையப் பாக்குமா?"

பார்க்கும் என்றான் கஜேந்திரன். மென்பொருளோ பார்க்க மாட்டேன் என்றது. இலக்கு அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் எச்சரித்து மோட்டாரை நிறுத்திவிட்டது. அவன் அதை அணைத்துவிட்டு, பூட்டைத் தளர்த்தி, குழாயைக் கையால் பிடித்துக் கோயில் வாசல் பார்க்கிற திசைக்கு நேராக இறக்கினான். கெமராவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைத்தான். வேட்டியில் மலை விழுந்தது. தலைகீழாக விழுந்தது, திருப்பிப் போட்டான். கண்ணுக்கு வெறும் கறுப்பாகத் தெரிந்த சரிவு, நிலா வெளிச்சத்தைக் கெமரா சேர்த்துப் பிடித்ததில் பகல் மாதிரி தெரிந்தது. செடி செடியாகத் தேயிலை. வேறொன்றும் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் வயசானவர்கள் எழுந்து வேட்டிக்குப் பக்கத்தில் வந்தார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலி இந்தப் பக்கம் இருந்தது என்றார் ஒருவர். இல்லை, இன்னும் கீழே என்றாள் ஒரு அம்மா. முதல் காம்பரா வீட்டில் யார், அடுத்ததில் யார் என்று தேயிலைச் செடிகளின் மேல் விரல் வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரு செடி வந்தபோது எல்லாரும் நிறுத்திவிட்டு விலகி நின்றார்கள். லெட்சுமணன் வந்து, அந்தச் செடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

செல்லசாமியின் செடி அதற்கு இரண்டு செடி தள்ளி இருந்தது. அவர் அதைத் தொட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கஜேந்திரனிடம் வந்தார்.

"தம்பி, நாளைக்கு இத எடுத்துறாதீங்க," என்றார். "எங்க அண்ணி கொத்மலையிலேர்ந்து வருவாங்க. அவங்களுக்கும் காட்டணும்."