அச்சுப் பக்கம் உள்ளே

என் தங்கையின் அழைப்பிதழ்க் கட்டை நானே என் கையால் கட்டினேன். அதுதான் வினையாகிப் போனது. மெஷின்காரரிடம் விட்டிருந்தால் ஏதோ ஒரு பழைய பையில் திணித்து, நூலைப் பல்லால் கடித்து, வேலையை முடித்திருப்பார். எனக்குத்தான் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

என் அச்சகத்தில் எந்த வேலையை ஓட்டினாலும் முதல் ஐம்பது அறுபது தாள் வீண். மை சரியாக விழும்வரை ஓடுகிற தாள்கள் அவை. அவற்றை எறியமாட்டோம், அடுத்த பார்சலுக்கு மேலுறை ஆக்குவோம். அச்சடித்த பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. பார்க்கிறவனுக்குப் புதுத்தாள் போலவே இருக்கும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அன்றும் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்திருக்கிறேன். நல்ல தடித்த தாளாக நாலு எடுத்து, ஓரம் பிசகாமல் மடித்துக் கட்டி அனுப்பிவிட்டு, என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு டீ குடித்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலையில் தங்கை போன் செய்தாள்.

"கட்டைப் பிரிச்சேன். நீ வா."

வைத்துவிட்டாள். எதில் சுற்றினோம் என்று அப்போதுதான் யோசித்தேன்.

தங்கை லிஃப்ட் மெக்கானிக். அவளும் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணும் பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள். இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாமா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த மாதம் அது. இருபதாம் தேதி சட்டசபையில் ஓட்டெடுப்பு. இருபத்தொன்றாம் தேதி இவர்கள் விருந்து. 'சட்டம் வந்தால் பதிவும் விருந்தும். வராவிட்டால் விருந்து மட்டும்' என்று அழைப்பிதழிலேயே போடச் சொன்னாள். பதிவு நடந்தால் சாட்சிக் கையெழுத்து நான். எங்கள் வீட்டில் அவளோடு பேசுகிற ஒரே ஆள் நான்தான். அவள் பெயர் வருகிற இடத்தில் அப்பா இருமுவார், அம்மா விசிறியைத் தேடுவாள்.

அந்த மேலுறை, சட்டத்தை எதிர்க்கிற சங்கத்தின் நோட்டீஸ். மேலே கொட்டை எழுத்தில் 'குடும்பம் காப்போம்'. கீழே என் தங்கை மாதிரி ஆட்களைப் பற்றி, அவள் படிக்கக் கூடாத பத்து வரிகள். ஒரே வாரத்தில் இரண்டு வேலையையும் எடுத்தவன் நான். வருகிற ஆளை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப எனக்கு வாய் வராது. இதை நல்ல குணம் என்றே ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

"நான் பண்ணது அவ்வளவு பெரிய தப்பா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"என்னங்க, அந்தச் சட்டையை மாத்திட்டுப் போங்க. காலர் கிழிஞ்சிருக்கு" என்றாள்.

ஊர் முழுக்க லிஃப்டைப் பழுதுபார்க்கிறவள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடி. மூச்சு வாங்க உள்ளே போனேன். மேஜையில் என் மேலுறையைச் சுருக்கம் நீவி விரித்து, நாலு மூலைக்கும் நாலு ஸ்பேனர் வைத்திருந்தாள். பல்காரி டீ கொண்டு வந்தாள். அப்படித்தான் அவளை நான் கூப்பிடுவது, அவளும் சிரித்துக்கொள்வாள். அன்று சிரிக்கவில்லை.

"சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்ணா."

"யார் எழுதினது இது?" என்றாள் தங்கை.

"கஸ்டமர் எழுதிக் குடுத்தது. நான் வெறுமனே அடிச்சுக் குடுக்கறவன்தானே?"

"இந்தக் கட்டம்?"

"எந்தக் கட்டம்?"

"தலைப்பைச் சுத்திப் போட்டிருக்கியே. மூலைக்கு மூலை ஒரு குட்டி இலை. என் ஸ்கூல் நோட்டுக்கெல்லாம் லேபிள் அடிச்சுத் தருவியே, அதுல இருந்த அதே இலை. கஸ்டமர் எழுதிக் குடுத்தாரா இதை?"

வசமாக மாட்டிக்கொண்டேன். சங்கச் செயலாளர் கேட்டது சாதாரண நோட்டீஸ். தலைப்பு இவ்வளவு சின்னதாக இருந்தால் எடுபடாது, தெருமுனையிலிருந்தே படிக்கிற மாதிரி போடுவோம் என்று யோசனை சொன்னவன் நான். கட்டமும் என் உபயம்.

"அது... கை தன்னால போட்டுடுச்சு."

"நல்லாத்தான் இருக்கு. எங்க அழைப்பிதழ்ல ஒரு கோடுகூட இல்ல."

"நீதானே சிம்பிளா போதும்னே?"

"நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கே?"

டீயைக் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் சக்கரத்தில் அகப்பட்டு நசுங்கிய கை.

"அன்னிக்கு என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது இவ. நீங்க யாருன்னு கேட்டாங்க. இவ என்ன சொல்லுவா? சொந்தக்காரங்க வந்தாத்தான் பேசுவோம்னுட்டாங்க. நீ வந்து ஒரு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டே. அதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் இவ வராந்தால நின்னா. நான் இருக்கேனா போயிட்டேனான்னு சொல்ல ஒரு நாதி இல்ல. ஊர் எங்களை மெச்சணும்னு நாங்க கேக்கலண்ணா. அந்தக் கதவு இவளுக்குத் திறக்கணும். அவ்வளவுதான்."

இறுக்கமான இடத்தில் ஒரு ஜோக்கைப் போடாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். "அடுத்த தடவை டிராஃபிக் இல்லாத நேரமாப் பாத்து அடிபடு, சீக்கிரம் வந்துடறேன்" என்றேன்.

தங்கை ஒரு ஸ்பேனரை நேராக்கி வைத்தாள்.

பல்காரிதான் பேசினாள். "இன்னும் அடிக்க வேண்டியது இருக்காண்ணா?"

"ரெண்டாயிரம் போயிடுச்சு. செவ்வாய்க்கிழமைக்கு இன்னொரு ரெண்டாயிரம்."

"அடிப்பீங்களா?"

"பிளேட் போட்டாச்சும்மா. நான் அடிக்கலன்னா பக்கத்துத் தெருக்காரன் அடிப்பான். வேணும்னா அந்தக் கட்டத்தை எடுத்துடறேன்."

இதைச் சொன்னது சாட்சாத் நான்தான். எழுதும்போதே காது சுடுகிறது. அந்த நிமிஷம் அது எனக்குப் பெரிய விட்டுக்கொடுத்தலாகத்தான் தோன்றியது.

தங்கை ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தாள். தாள் தானாகச் சுருண்டுகொண்டது.

"சாட்சிக்கு நான்தானே?" என்றேன்.

"டீ ஆறுது."

"கேக்கறேன்ல?"

"முதல்ல சட்டம் வரட்டும்" என்று சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவப் பாத்திரம் ஒன்றும் அங்கே இல்லை; டம்ளர்கள் மேஜையில்தான் இருந்தன. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பல்காரி குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினாள். பதினோரு வருஷமாக எனக்கும் தங்கைக்கும் சண்டை வரும்போதெல்லாம் என் பக்கம் பேசுகிறவள் அவள். 'அண்ணன் மனசுல ஒண்ணும் இல்ல' என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! அந்தத் தைரியத்தில், இரண்டாவது மாடித் திருப்பத்தில் போனை எடுத்தேன்.

"ஆர்டரைத் திருப்பிடறேன். இப்பவே செயலாளருக்குச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க."

"சொல்லிட்டா நான் சாட்சிதானே?"

அவள் குப்பைப் பையைக் கீழே வைத்தாள். படியில் எனக்குக் கீழே நின்றவள், நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள்.

"இல்லண்ணா. அவ இன்னும் நீங்கதான்னு சொல்றா. விடிஞ்சதுலேந்து அழுதுகிட்டே அதைத்தான் சொல்லிட்டிருக்கா. வேணாம்னு சொன்னது நான். நீங்க இப்ப போன் பண்ணினாலும் வேணாம்தான்."