கண்ணின் வெள்ளை

எங்கள் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் திரைக்கு மாதம் ஒருமுறை பரிசோதனை உண்டு. சின்னக் கருவி ஒன்றைத் திரைமேல் தொங்கவிட்டால், அது ஒவ்வொரு நிறமாகப் பார்த்து, திரை பொய் சொல்லும் இடத்தைத் திருத்திவிடும். அங்கே பிரிண்ட் போடும் என் கூடப்பிறந்த அண்ணன் கிண்டல் செய்வான்: "திரைக்கு மாசாமாசம் செக்கப். எனக்குத் தலைவலின்னா ஒரு மாத்திரை வாங்கித் தர மாட்டே." நிறத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் எனக்கு இருந்தது.

ஒரு வாரமாக அண்ணனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாடும் இறங்கவில்லை. வெளியூரில் டாக்டராக இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஜன்னல் பக்கத்துல உக்கார வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா. கண்ணு நல்லாத் தெரியணும்" என்றாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போனில் எடுப்பது எனக்குக் கௌரவக் குறைச்சல். பெரிய கேமராவில் எடுத்தேன். திரையில் திறந்ததும் படம் மஞ்சளடித்தது. எதிர்வீட்டுச் சுவர் மஞ்சள், அதில் பட்டு வரும் வெளிச்சம்தான் என்று நினைத்தேன். இதைச் சரிசெய்ய, படத்தில் ஓரிடத்தைத் தொட்டு 'இதுதான் வெள்ளை' என்று சொல்ல வேண்டும். மற்ற நிறங்கள் அதை ஒட்டித் தாமாக மாறும். அதற்கென்றே ஒரு சாம்பல் அட்டையைப் பக்கத்தில் வைத்து எடுப்போம். அன்று சோம்பலில் அட்டையை எடுக்கவில்லை. அண்ணன் போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டை. வெள்ளை என்று இருந்தது கண் மட்டும்தான். அதன்மேல் ஒரு கிளிக். முகம் பளிச்சென்று ஆனது. அனுப்பிவிட்டேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா.

மூன்று வாரம் கழித்து, குளிர் ஜுரத்தில் நடுங்கியவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். காமாலை. பித்தக்குழாயில் கல் அடைத்து, சீழ் ரத்தத்தில் கலந்திருந்தது. "எப்பவோ கண்ணு மஞ்சளாகியிருக்குமே, யாருமா பாக்கல?" என்றார் அங்கிருந்த டாக்டர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். அக்காதான் தலையில் அடித்துக்கொண்டாள். "போட்டோவைப் பாத்தேனே, என் கண்ணு அவிஞ்சா போச்சு?" நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. பயம்கூட இல்லை, மரத்துப்போயிருந்தது. அவள் லீவு போட்டுவிட்டு எங்களோடே தங்கினாள். இரண்டு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்பினாள்.

போன வாரம் அக்கா வீட்டுக்காரர், மாமா, போனில் கூப்பிட்டார். "உங்க அக்கா வேலையை விடறாளாம். லெட்டர் எழுதி வச்சிருக்கா. நாளைக்குக் குடுக்கறா."

நாங்கள் என்ன திருத்தினாலும் கேமரா எடுத்த அசல் அப்படியே இருக்கும். திருத்தத்தை நீக்கினேன். அண்ணன் கண் மஞ்சளானது. இரண்டு படத்தையும் அனுப்பி, 'மஞ்சளா இருக்கிறதுதான் நான் எடுத்தது. வெள்ளையாக்கினது நான்தான்' என்று எழுதினேன்.

உடனே போன் வந்தது.

"நீயா மாத்தினே?"

"ஆமாக்கா. பழக்கதோஷம்."



"ரெண்டு மாசமா எனக்குத் தண்ணி குடுத்தியேடா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் அவள் லெட்டரைக் கிழித்துப்போட்டுவிட்டு வேலைக்குப் போனதாக மாமா சொன்னார்.

"என்கூடப் பேசுவாளா மாமா?"

"அதை இப்பக் கேக்காதே" என்றார்.