பெட்டில் சேர்க்காத தம்பி

கொளஞ்சியப்பனின் சொந்தபந்தத்தில் ‘டாக்டர்கிட்ட காட்டினாங்க’ என்று சேதி வந்தால் போனில் விசாரித்தால் போதும். ‘பாட்டிலு ஏத்துறாங்க’ என்றால் பக்கத்துத் தெருக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ‘பெட்டுல சேத்திருக்குது’ என்று வந்துவிட்டாலோ கதையே வேறு. முகம் பார்த்துப் பேசாதவர்கள்கூட ரொட்டியும் சாத்துக்குடியுமாக பஸ் ஏறியே ஆகவேண்டும். ஏறாதவர்களை ஊர் மென்று துப்பிவிடும்.

அன்று பீங்கான் பொம்மைகளைச் சூளையில் அடுக்கிக்கொண்டிருந்தவனுக்குத் தலை சுற்றியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியதுமே பெண்ணாடத்து அக்கா வீரம்மாளின் நினைவு வந்துவிட்டது. தன் பிள்ளையின் காதுகுத்துப் பத்திரிகையில் அவள் புருஷன் பெயர் விட்டுப்போனதிலிருந்து பேச்சில்லை. எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தான், அசையவில்லை.

“பெட்டுல சேத்திருக்குதுன்னு அக்காவுக்குப் போன் போடு,” என்றான் மனைவி பானுமதியிடம்.

“இன்னும் சேக்கலியேங்க.”

“எப்படியும் சேப்பாங்க. நீ போடு.”

போட்டாள். வீரம்மாள் கேட்ட கையோடு பஸ் ஏறிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் நர்ஸ் வந்தார். “சூட்டுல தண்ணி குடிக்காம நின்னிருக்கீங்க. மோரு குடிச்சிட்டு வூட்டுக்குப் போங்க.”

“சேத்துக்கங்கம்மா!”

“எதுக்குங்க? உங்களுக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணு ரெண்டு இருக்கும், நல்லா பாருங்க!”

நர்ஸ் சிரித்துவிட்டுக் கட்டிலைக் காலி செய்யச் சொன்னார்.

வாசல் டீக்கடையில் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஆட்டோவிலிருந்து வீரம்மாள் இறங்கினாள். அழுது வீங்கிய கண்கள், பன்னைப் பார்த்ததும் சுருங்கின.

“சேத்திருக்குதுன்னாளே ஒம் பொண்டாட்டி?”

“சேக்கமாட்டேன்னுட்டாங்கக்கா.”

“பஸ்ஸுல ஒருத்தி விடாம சொல்லி அழுதுட்டு வந்தேண்டா! இப்ப ஊருல போயி, பன்னு தின்னுக்கிட்டு இருந்தான்னா சொல்லுவேன்?”

பன்னைப் பிடுங்கி வீசிவிட்டு, அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

“என்னம்மா டாக்டருக்குப் படிச்சீங்க? மூஞ்சியப் பாருங்க, எப்படி வத்திப்போயிருக்கான்! எந்தம்பிக்குச் சின்ன வயசுலேருந்தே ஒடம்பு தாங்காது. சேருங்க!”

“நான் நர்ஸும்மா.”

“யாரா இருந்தா என்ன? சேருங்க!”

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டார். “அந்தக் கட்டில்ல கொஞ்ச நேரம் படுக்கட்டும். ஆனா அட்மிஷன் எல்லாம் கெடையாது.”

“இது பெட்டுதானே? அது போதும்.”

தம்பியைப் படுக்கவைத்து, கழுத்துவரை போர்த்தி, கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு வீரம்மாள் சாத்துக்குடியை உரித்தாள். “பானு, போட்டோ எடுத்து எங்க வூட்டுக்காரருக்கு அனுப்பு. அவரும் வந்து பாக்கவேண்டியதுதானே.”

கொளஞ்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

“பல்லக் காட்டாதடா,” என்று அவன் வாயில் ஒரு சுளையைத் திணித்தாள். “போட்டோவுல விழுந்துடப் போவுது.”