வெள்ளையாகக் கிடந்த மலை

கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்க எழுந்து போன பிறகும் ராஜாங்கம் மட்டும் அந்த வரைபடத்தின் எதிரே நின்றுகொண்டிருந்தார். மணலூர்பேட்டைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளின் சங்கத் தலைவர் அவர். கைப்பேசியை எடுத்து முழு வரைபடத்தையும் ஒரு தடவை, கிட்டே போய்த் தன் ஊர்ப் பக்கத்தை ஒரு தடவை படம் பிடித்துக்கொண்டார்.

“யாரும்மா போட்டது இது?”

“நான்தாங்க” என்றாள் அத்தியா.

“பாத்தவொடனே புரியுது. இன்னா ஏதுன்னு ஒருத்தரையும் கேக்க வேணாம். இதைக் காட்டியே எங்க ஊருக்கு மருந்தை வாங்கிடுவேன் பாரு.”

அத்தியாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஷேக் தாவூதின் மகள் அவள். சேலத்தில் புவியியல் படித்துவிட்டு, கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு சுகாதாரத் துறையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்கே காய்ச்சல், எங்கே மஞ்சள்காமாலை என்று வரைபடமாகப் போட்டுக் காட்டுவது அவள் வேலை. இந்தத் தடவை பாம்புக்கடி. மூன்று வருஷத்தில் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்த நோயாளி ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊரில் ஒரு சிவப்புப் புள்ளி. பெண்ணையாற்றங்கரைக் கரும்புக் கொல்லைகள் குங்குமம் கொட்டியதுபோல் சிவந்திருந்தன. மேற்கே கல்வராயன் மலை மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

விஷமுறிவு மருந்தும் அதைப் போடப் பழகிய டாக்டரும் எந்நேரமும் இருக்கும்படி இன்னும் ஓர் இடத்தை மழைக்கு முன்னால் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டமே அதற்காகத்தான் கூட்டியிருந்தார்கள். நடுவில் யாரோ, “மலையில பாம்பு கம்மி போல” என்றார். சிலர் தலையாட்டினார்கள். பேச்சு அடுத்ததற்குத் தாவிவிட்டது. அந்தத் தலையாட்டல் அத்தியாவை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் அவள் டாக்டர் ஆண்டாளின் அறைக்குப் போனாள். மாவட்டத்தின் சுகாதார அதிகாரி அவர். கோப்புகளில் கையெழுத்துப் போட்டபடியேதான் எதையும் கேட்பார். ஆனால் ஒரு வார்த்தையையும் தவறவிடமாட்டார்.

“மேடம், ராஜாங்கம் அண்ணன் என் மேப்பை வெச்சு மனு குடுக்கப் போறாரு. அந்த மேப்புல பொய் கெடையாது. ஆனா அது பாதிதான்.”

“எந்தப் பாதி இல்ல?”

“மலை. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களுக்குத்தான் நான் புள்ளி வெச்சேன். வெள்ளையா இருக்கற எடத்துல கடியே இல்லன்னு எல்லாரும் நெனச்சிக்கறாங்க. எனக்குத் தெரியலன்னுதான் அதுக்கு அர்த்தம்.”

ஆண்டாள் பேனாவை மூடி வைத்தார். “தெரியாததுக்குன்னு ஒரு நிறம் குடுத்திருக்கணும் நீ.”

“ஆமாங்க மேடம். சாம்பல் நிறம் பூசியிருந்தா யாரும் தலையாட்டியிருக்க மாட்டாங்க.”

“மலை ஜனங்க மந்திரிக்கத்தான் போவாங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவே மாட்டாங்கன்னு சொல்றாங்களே?”

“சொல்றாங்க. யாரும் போய்ப் பாக்கல.”

ஆண்டாள் சிரித்துவிட்டார். “சரி, போய்ப் பாரு. அடுத்த கூட்டத்துக்குள்ள அந்தப் பாதி எனக்கு வேணும். இத்தனை ஊருல வராதவங்களை எங்கன்னு போய்த் தேடுவே?”

“சந்தையில” என்றாள் அத்தியா.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். மலைக் கிராமங்கள் மடிப்புக்கு ஒன்றாகச் சிதறிக் கிடப்பவை. வீடு வீடாக ஏறி இறங்கினால் மழை முடிந்துவிடும். ஆனால் வெள்ளிமலைச் சந்தைக்கு எல்லா ஊரிலிருந்தும் ஆள் வரும். அவர்கள் சுற்றி உட்கார்ந்து கை வைத்துக் காட்டும்படி ஒரு பெரிய வரைபடம் வேண்டும். கணினித் திரை அதற்கு உதவாது, காகிதம் கிழிந்துவிடும். சாயங்காலம் நேரே கடைக்குப் போனாள்.

“அத்தா, காடாத் துணி வேணும். ரெண்டு அகலம் சேத்துத் தெச்சுக் குடுங்க.”

“இன்னாத்துக்கும்மா, பந்தல் போடவா?”

“கல்வராயன் மலையை அது மேல ஏத்தணும்.”

தாவூது மகளை ஒரு கணம் பார்த்தார். “அப்போ கெட்டித் துணியா எடு” என்று அலமாரிப் பக்கம் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை கடை மூடியிருந்தபோது, கடைக்குள்ளேயே துணியை விரித்து வரைந்தாள். ஓடைகளுக்கு நீலம், தார் ரோட்டுக்குக் கறுப்பு, ஒற்றையடிப் பாதைகளுக்குப் பழுப்பு. தாவூது துணியின் ஓரத்தைச் சுருங்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

சந்தை நாளன்று, மலையில் பல வருஷமாக வேலை பார்க்கும் கிராம நர்ஸ் பச்சையம்மாள் அவளுடன் வந்தாள். பலாமரத்தடியில் துணியை விரித்து, பக்கத்தில் இரண்டு கூடைகளை வைத்தார்கள். ஒன்றில் வெள்ளை மொச்சை, இன்னொன்றில் புளியங்கொட்டை. பாம்பு கடித்துப் பிழைத்தவருக்கு ஒரு மொச்சை, இறந்தவருக்கு ஒரு புளியங்கொட்டை. அவரவர் ஊர் மேல் வைக்க வேண்டும்.

கூட்டம் கூடியது. யாரும் குனியவில்லை. வேடியப்பன் என்பவர், சாமை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தவர், துணியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

“மலையைத் தலைகீழா போட்டு வெச்சிக்கிறியேம்மா” என்றார்.

அத்தியா நிமிர்ந்து பார்த்தாள். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று படித்தபடி விரித்திருந்தாள். நிற்பவர்களுக்கு எதிரே தெரியும் மலையோ தெற்கே இருந்தது.

“அப்போ திருப்பிடலாம். அந்த முனையைப் பிடிங்க.”

நாலு பேர் சேர்ந்து துணியைத் திருப்பினார்கள். எதிரே தெரிந்த மலையும் துணியில் இருந்த மலையும் ஒரே பக்கத்துக்கு வந்ததும், “அதோ எங்க ஊரு”, “எங்க ஓடை” என்று விரல்கள் நீண்டன. மொச்சைகள் விழத் தொடங்கின. பிறகு புளியங்கொட்டைகள்.

“எங்க ஊருல கறுப்புக் கொட்டை ஜாஸ்தியா கெடந்தா நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“ஊர் பேரு வெளிய போவாது. எந்தப் பக்கம்னு மட்டும்தான் காட்டுவேன்” என்றாள் அத்தியா. பச்சையம்மாளும் தலையசைத்த பிறகுதான் அந்தப் பெண் கூடையில் கை விட்டாள்.

காசியம்மாள் வந்தது அதற்கப்புறம். நாற்பது வயதிருக்கும். பஸ் நிறுத்தத்தில் பலாப்பழமும் கொய்யாவும் விற்பவள். ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தன் ஊரான மேல்தும்பையின் மேல் வைத்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்து அதை எடுத்துவிட்டாள்.

“இங்க வெக்கக் கூடாது. இங்க எங்க வூட்டுக்காரரு உசுரோடதான் இருந்தாரு. எங்கிட்ட பேசுனாரு.”

பழுப்புப் பாதையில் விரலை நகர்த்தினாள். “கட்டுவிரியன். தூளி கட்டித் தூக்கிக்கினு இப்படித்தான் எறங்கனோம். இங்க ரோடு. இங்க வேன் கெடச்சிது.” விரல் கறுப்புக் கோட்டில் வளைவு வளைவாகக் கீழே போனது. கீழே பஸ் போகும் ஓசை கேட்டது, யாரும் திரும்பவில்லை. “இங்க. இந்த வளைவுலதான் மூச்சு நின்னுபோச்சு. வேன்காரரு திருப்பிட்டாரு.”

கொட்டையை அந்த வளைவில் வைத்துவிட்டு எழுந்தாள்.

வேடியப்பன் குனிந்து, தன் ஊரில் வைத்திருந்த கொட்டையை எடுத்து ரோட்டுக்குக் கொண்டுபோனார். “எங்க அண்ணனும் வூட்டுல சாவல” என்றார். இன்னொருவர் எடுத்தார். அப்புறம், பொண்ணு குடுப்பதைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணும். சந்தை கலைகிற நேரத்தில் ஊர்களின் மேல் கறுப்புக் கொட்டைகள் அநேகமாக இல்லை. அவையெல்லாம் தார் ரோட்டுக்கு வந்து, நெல்லிமேடு என்ற ஊருக்குக் கீழே தொடங்கி அடிவாரத்து வடக்கனந்தல் பக்கம் வரைக்கும் வரிசையாகக் கிடந்தன.

அத்தியா ஜீப்பின் மேல் ஏறிப் படம் எடுத்தாள். மேலேயிருந்து பார்த்தபோது அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இவர்கள் மந்திரித்துக்கொண்டு வீட்டில் கிடக்கவில்லை. கிளம்பியவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். சேர்வதற்குள் செத்துப்போனதால் எந்த ஆஸ்பத்திரியும் இவர்களை எழுதவில்லை. எழுதாததால் அவளும் புள்ளி வைக்கவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. பழுப்புப் பாதைகளில் முக்கால்வாசி நெல்லிமேட்டுக்குப் பக்கத்தில்தான் தார் ரோட்டைத் தொட்டன. நெல்லிமேட்டில் ஒரு சின்ன சுகாதார நிலையம் ஏற்கெனவே இருந்தது. பாம்புக்கடி மருந்துதான் இல்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அவளும் பச்சையம்மாளும் கொட்டை வைத்த குடும்பங்களைத் தேடிப் போய் விசாரித்தார்கள். சிலது பாம்புக்கடி இல்லை என்று தெரிந்து எடுத்துவிட்டார்கள். புதிதாகச் சில சேர்ந்தன. மீதியைத் துணியிலேயே சாயத்தால் புள்ளி வைத்து, அடுத்த கூட்டத்தில் சுவரை அடைத்துக் கட்டித் தொங்கவிட்டாள்.

ராஜாங்கம் அவளுடைய முதல் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு மனுவோடு வந்திருந்தார்.

“இதுக்கு ரெக்கார்டு ஏது?” என்று ஓர் அதிகாரி துணியைக் காட்டிக் கேட்டார்.

“ஒவ்வொரு புள்ளிக்கும் நர்ஸ் நேர்ல போய் விசாரிச்சிருக்காங்க” என்றார் ஆண்டாள். “நீ சொல்லு, அத்தியா.”

அத்தியா இரண்டு வரைபடங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசினாள்.

“ஏம்மா, கடி எங்க ஊருலதான ஜாஸ்தி?” என்று குறுக்கிட்டார் ராஜாங்கம். “நீ போட்ட மேப்புதான இதுவும்?”

“ஆமாண்ணா, ரெண்டும் நான் போட்டதுதான். கடி உங்க ஊருல ஜாஸ்தி. சாவு இந்த ரோட்டுல ஜாஸ்தி. உங்க ஆளுங்க ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்துட்டாங்க. அதனாலதான் மொத மேப்புல அவங்களுக்குப் புள்ளி கெடச்சிது. இவங்க வந்து சேரல.”

ராஜாங்கம் எழுந்து துணியருகே போனார். ரோட்டுப் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே கீழே இறங்கினார்.

“இவங்கள்லாம் வந்துக்கினு இருந்தவங்களா?”

“ஆமாண்ணா. வந்துக்கினே இருந்தவங்க.”

“எங்க கொல்லையில கரும்பு வெட்ட இங்கேருந்துதான் ஆளுங்க எறங்கி வராங்க” என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு ஆண்டாளிடம் திரும்பினார். “மேல குடுங்கம்மா. ஆனா எங்க பக்கத்து ஆஸ்பத்திரியில மருந்து தீந்துபோச்சுன்னு ஒரு நாளும் கேக்கக் கூடாது. அதையும் இப்பவே முடிவு பண்ணுங்க.”

“நியாயம்தான்” என்றார் ஆண்டாள். இரண்டுமே அன்றைக்கு முடிவாயின. நெல்லிமேட்டுக்குப் பயிற்சி பெற்ற டாக்டர், குளிர்பெட்டி தேவைப்படாத பொடி மருந்து, ஒரு ஜீப்.

மருந்து வந்தால் போதாது என்பது அத்தியாவுக்குத் தெரியும். பாம்பு கடித்தால் கீழே ஓட வேண்டும் என்பதுதான் மலையில் எல்லோருக்கும் பழகிய வழி. நெல்லிமேடோ பாதி ஊர்களுக்கு, ரோட்டைத் தொட்டதும் மேலே திரும்பிப் போக வேண்டிய இடம். அதனால் பாதைகள் ரோட்டைத் தொடும் இடங்களில் எல்லாம் சுவரில் வரைபடம் எழுத வைத்தாள். முதல் சுவரில் எழுதி முடித்ததும் காசியம்மாளைக் கூப்பிட்டு, என்ன புரிகிறது என்று கேட்டாள்.

“எழுத்து எனக்கு வராது. கோயிலைப் போடு, பாலத்தைப் போடு, நான் சொல்லிடறேன்.”

அப்படியே போட்டார்கள். ஒவ்வொரு சுவரிலும், அங்கே நிற்பவருக்கு எதிரே தெரியும் மலைதான் படத்திலும் மேலே இருந்தது.

மழை தொடங்கி ஒரு மாதம் இருக்கும். மேல்தும்பையில் களை எடுத்துக்கொண்டிருந்த பழனியை நல்ல பாம்பு கடித்தது. அண்ணன் தம்பிகள் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். மரவள்ளி ஏற்றிவந்த ஒரு வண்டி நின்றது. ஏற்றிக்கொண்டு டிரைவர் கீழ்ப்பக்கம் கிளம்பியபோது, பஸ் நிறுத்தத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்த காசியம்மாள் கூடையை விட்டுவிட்டு ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றாள்.

“கீழ வேணாம்! மேல போ! நெல்லிமேட்டுல ஊசி இருக்குது!”

“ஆஸ்பத்திரி கீழதானம்மா இருக்குது?”

“அந்தச் சுவத்தைப் பாருய்யா!”

டிரைவர் பார்த்தார். பாலம், கோயில், சிவப்புச் சிலுவை. வண்டியைத் திருப்பினார். நெல்லிமேட்டை அடைந்தபோது பழனியின் இமைகள் சொருகிக்கொண்டிருந்தன, பேச்சு குழறியது. டாக்டர் உடனே மருந்தை ஏற்றினார். சாயங்காலம் பழனி கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான்.

அடுத்த வாரம் அத்தியா மலைக்குப் போனாள். காசியம்மாள் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

“பழனி எழுந்து நடக்கறான், தெரியுமா? வழியை மறிச்சேன்னு டிரைவரு மொதல்ல என்னைத் திட்டனாரு. இப்ப போகும்போதெல்லாம் ஹாரன் அடிச்சிட்டுப் போறாரு.”

சிரித்துக்கொண்டே சொன்னவளின் முகம் சட்டென்று மாறியது. “எங்க வூட்டுக்காரரைத் தூக்கிக்கினு வந்தப்ப…” என்று தொடங்கி நிறுத்தினாள். அத்தியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காசியம்மாள்தான் முதலில் கையை விடுவித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

“அந்தப் பாலத்தாண்ட சுவரு மழையில வெளுத்துக்கினு வருது. நல்ல பெயிண்ட்டா பூசச் சொல்லு.”

“இன்னைக்கே சொல்லிடறேன்க்கா.”

இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைப்பேசி அடித்தது. ராஜாங்கம்.

“ஏம்மா, எங்க கொல்லையில எந்தப் பக்கம் கடிக்குது, வரப்புலயா வாய்க்கால் ஓரமாவான்னு அதே மாதிரி ஒண்ணு போட முடியுமா? அது தெரிஞ்சா வெட்டு ஆளுங்களுக்கு அங்கங்க பூட்ஸ் குடுத்துடலாம்.”

“முடியும்ணா. திங்கக்கிழமை வரேன். வெட்டு ஆளுங்களை ஒரே எடத்துல கூட்டி வைங்க. மொச்சையும் புளியங்கொட்டையும் நான் கொண்டாரேன்.”