வலை இறங்காத நாட்கள்

விடிவதற்கு முன்பே மண் கனக்கத் தொடங்கிவிடும். இரவெல்லாம் பனியைக் குடித்த மண் அது. கூடையில் ஏற்றித் தலையில் வைத்தால் சும்மாடு நனைந்து, கழுத்து நனைந்து, முதுகுத்தண்டு வழியே சேற்றுநீர் இறங்கும். லாரி கொட்டிய குவியலிலிருந்து ஏரிக்குள் நீண்டிருந்த கரைமுனைவரை ஆணும் பெண்ணுமாக ஒரே வரிசை. முனையில் இயந்திரம் ஏறினால் கரை சரிந்துவிடும் என்று அங்கே மட்டும் மனிதத் தலைகளை விட்டிருந்தார்கள். மனிதன் சரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்!

படகுக்காரன் மனைவி அந்த வரிசையில் நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அவள் நாத்தனார், படகுக்காரனின் தங்கை.

மண் கொட்டி மூடப்பட்டுவந்த ஏரி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. அடுக்குமாடிகளும் விருந்தினர் மாளிகையும் வரப்போகின்றன என்று பெரிய பலகையில் படம் போட்டிருந்தார்கள். படத்தில் தண்ணீர் நீலமாக இருந்தது. கரையில் ஒரு வெள்ளை நாய்க்குட்டிகூட ஓடிக்கொண்டிருந்தது. காலங்காலமாக அங்கே குடியிருந்தவர்களின் வீடுகளைத்தான் காணோம்.

கரைமுனையில் ஓரிடம் மட்டும் உள்வாங்கிக்கொண்டே இருந்தது. மாலையில் மேடாக்கிவிட்டுப் போனால் காலையில் பள்ளமாகக் கிடக்கும். எத்தனை மண்ணைப் போட்டாலும் அதற்குப் போதவில்லை.

"மண்ணு மூச்சு விடுது" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"மூச்சு விடுதோ, கொட்டாவி விடுதோ, நீ வாயை மூடிக்கிட்டுக் கூடையைப் பிடி" என்றாள் நாத்தனார். சொன்னாளே தவிர, அவளும் அந்தப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

படகுக்காரன் போன மழைக்காலத்தில் காணாமல் போனவன். விடியற்காலையில் வலையை எடுத்து வரப் படகோடு போனான். அன்று காலைதான் புதிதாகக் கொட்டிய கரை சரிந்தது. அவனும் வரவில்லை, படகும் வரவில்லை. "எவளையோ கூட்டிக்கிட்டு அக்கரைக்குப் போயிட்டான்" என்று மண்வேலையை நடத்தும் மேஸ்திரி ஊரெல்லாம் பரப்பினான். நரம்பில்லாத நாக்குதானே, எப்படியும் வளையும். அவள் நம்பவில்லை. ஆனால் விளக்கை அணைத்துப் படுத்தால், ஓடிப்போயிருந்தாலும் பரவாயில்லை, எங்கேயாவது உயிரோடு இருக்கட்டும் என்று தோன்றும். அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

அந்தக் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏரி ஒரு ஆளைக் கொண்டுபோனால், அவனைத் திருப்பித் தரும்வரை யாரும் வலை இறக்க மாட்டார்கள். அடுப்பு அணைந்தாலும் சரி, பிள்ளைகள் அழுதாலும் சரி. படகுக்காரனுக்காகவும் எல்லா வலைகளும் கழிகளில் காய்ந்தன. ஆண்கள் முங்கி முங்கித் தேடினார்கள். நீர் கொண்டதை நீர்தான் கொடுக்கும் என்று எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் மண் ஏறிக்கொண்டே வந்தது. அடப் பாவமே, ஒருவருக்காவது திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லையே!

ஏரியை மூடிக் கட்டடம் எழுப்ப வந்த முதலாளிக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. "இங்கே யாரும் மீன் பிடிப்பதே இல்லை" என்று அதிகாரிகளைக் கூட்டிவந்து காய்ந்த வலைகளைக் காட்டினார். கம்பிவேலி போட்டார். பிறகு, பசித்தவர்களுக்கு வேலை தருகிறேன் என்று கூடையையும் அவரே கொடுத்தார். வயிற்றுக்கு ஏது மானம்? வாங்கிக்கொண்டார்கள்.

அன்று கரைமுனையில் கான்கிரீட் போடும் நாள். கலவை லாரி முனைக்குச் சற்று முன்பே பின்புறமாக வந்து நின்று, உருளையைச் சுற்றிக்கொண்டே காத்திருந்தது. "பள்ளத்தை மூடிட்டு ஒதுங்குங்க, சீக்கிரம்!" என்று மேஸ்திரி கத்தினான்.

அவள் கூடையோடு பள்ளத்தின் ஓரத்தில் கால் வைத்தாள். ஓரம் உடைந்தது. முழங்கால்வரை சேற்றுக்குள் போன வலதுகால் எதிலோ இடித்து நின்றது. கல்லில்லை. உள்ளங்காலில் தார் பூசிய பலகையின் வழுவழுப்பு. விரல்களை நகர்த்தினாள். ஒரு தகரப் பட்டை, அதன் ஓரத்தில் வரிசை தப்பி அடித்த ஆணிகள். அவள் அடித்த ஆணிகள்தான். படகைக் கவிழ்த்துப்போட்டு அந்த ஓட்டையை அவள் அடைத்தபோது, "கொல்லன் பட்டறையில பொறந்தவளா நீ?" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

கூடை விழுந்தது. இத்தனை நாளும் அவன்மேல் யார் மண் போட்டது? நான்தானே, என் கையால்தானே! அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணி! என்ன ஆச்சு?" நாத்தனார் ஓடிவந்தாள்.

"படகு... நம்ம படகு. கவுந்து கிடக்கு. உங்கண்ணன் எங்கேயும் போகலைடி."

நாத்தனார் பள்ளத்தில் குதித்துக் கைவிட்டுத் தடவினாள். அந்தத் தகரம் அவள் கைக்கும் தெரிந்தது. எழுந்து நின்று வரிசையைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் லாரிக்காரன்கூடத் தலையை வெளியே நீட்டினான்.

"எங்கண்ணன் கிடைச்சிட்டான்! கூடையை இறக்குங்க! ஆளை எடுக்கறவரைக்கும் யாரும் ஒரு பிடி மண்ணு தூக்கக் கூடாது!"

வரிசையில் கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

முதலாளி காரிலிருந்து இறங்கி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்ன கலாட்டா இது? கலவை இறுகிப்போனா யார் பதில் சொல்றது?"

"உள்ளே ஆள் இருக்கு, அய்யா" என்றாள் படகுக்காரன் மனைவி.

"ஏதோ பழைய பலகையா இருக்கும்மா. உங்களுக்கெல்லாம் வீடு கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"எங்க வீட்டு ஆள் மேலயா கட்டித் தரப்போறீங்க?" என்றாள் நாத்தனார்.

அவர் முகம் சிவந்தது. "தோண்டினா கரை சரியும். நாலு பேர் செத்தா யார் பொறுப்பு?"

"அன்னைக்குச் சரிஞ்சதுக்கு யார் பொறுப்புன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் இதைப் பேசுவோம்" என்றாள் நாத்தனார்.

"எல்லாருக்கும் வேலை போயிடும், சொல்லிட்டேன்! போலீஸ் வரும்!"

"வரட்டும்" என்றாள் படகுக்காரன் மனைவி. "தேடறதுக்கு ஆள் கூடுமில்ல?"

மேஸ்திரி, எட்ட நின்ற பொக்லைனைப் பார்த்து, பள்ளத்தை மூடச் சொல்லிக் கை காட்டினான். பொக்லைன்காரன் வெளியூர்க்காரன், இதுவரை இவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதுகூட இல்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஒரு மண்வெட்டியோடு இறங்கி வந்தான்.

"மெஷினை விட்டா படகு நொறுங்கிடும்க்கா. கையாலதான் எடுக்கணும்."

வரிசை மறுபடியும் நின்றது. இம்முறை கூடைகள் பள்ளத்திலிருந்து மேலேறின. வேலிக்கு வெளியே இருந்தவர்களும் கம்பியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கலவை கெட்டுவிடும் என்று லாரி உறுமிக்கொண்டே திரும்பிப் போயிற்று. தூரத்தில், மண்சாலையில், போலீஸ் ஜீப்புகளின் புழுதி தெரிந்தது. சிலர் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள்.

இடுப்பளவு ஆழத்தில் படகின் அடிப்பாகம் முழுதாக வெளிப்பட்டது. அவள் மண்டியிட்டு, சேறு அப்பிய பலகையைத் துடைத்து, விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினாள். உள்ளே மண் ஏறாத கூடாக ஒலித்தது. எல்லாக் கைகளும் ஒரு கணம் நின்றன.

அவள் பலகைமேல் கன்னத்தை வைத்து, அவனோடு வீட்டில் பேசுகிற குரலிலேயே பேசினாள்.

"தண்ணியிலேயே தேடிட்டோம்ங்க, தப்புதான். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்க. எல்லாரும் வந்துட்டோம்."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கூடையை நீட்டினாள்.