படத்தில் வாசல் இல்லை

அந்தத் தெருவுக்கு நடைபாதை வேண்டும் என்று முதன்முதலில் வாயைத் திறந்தவள் ஜிப்பக்காதான். ஊரில் வேறு யார் இதை மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். மறப்பதற்கு அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஜிப்பக்கா என்பது தெரு வைத்த பெயர். முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு தையல் மிஷின். பேன்ட், பள்ளிக்கூடப் பை, சூட்கேஸ் என்று ஜிப் போன எதுவும் அவளிடம்தான் வரும். வாயில் நூலைக் கடித்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதும் பேசுவாள். அவளுடைய புருஷன் லாரிக்காரர். பாதி நாட்டை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பார்த்துவிட்ட மனுஷன். ஓட்டும்போது ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. நிறுத்தி வைத்திருந்த வண்டியில் லோடுக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கால் வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. "ஓடுற வண்டி ஒண்ணும் பண்ணல, நின்ன வண்டி என்னைக் கவுத்துடுச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவருக்கென்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு விஷயம். சாயங்காலமானால் தெருமுனை டீக்கடைக்குப் போவது. பழைய டிரைவர்கள் எல்லாம் அங்கேதான் கூடுவார்கள். எந்தப் பாதையில் போலீஸ் தொல்லை, எந்தப் பாலத்தில் கனவண்டி ஏறாது என்று யார் சண்டை போட்டாலும் கடைசியில் இவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அவர் லாரிக்காரர். மற்ற நேரமெல்லாம் துடைத்து வைக்கிற பாத்திரம் மாதிரி தன்னை எடுத்து எடுத்து வைக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு மனத்தாங்கல்.

வீடு மூன்று படி உயரம். மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்று பழைய சொந்தக்காரன் மேடாக்கிக் கட்டியது. ஜிப்பக்கா தன் தோட்டை விற்று, அந்தப் படிகளின் மேல் நல்ல நீளமாக ஒரு சிமெண்ட் சரிவு போட்டிருந்தாள். அதில் அவர் இறங்கிவிடுவார். சிக்கல் அதற்குப் பிறகுதான். தெரு முழுக்கக் குண்டும் குழியும். நாற்காலிச் சக்கரம் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து பைக்கில் வருகிறவன் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பான். ஒருநாள் ஒரு கார் கைப்பிடியை உரசிக்கொண்டு போனது. அன்றைக்குத்தான் அவள் முடிவெடுத்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, எடுத்தால் முடிக்கிற பொம்பளை. ஜிப் வைக்க வந்தவர்களிடமெல்லாம் முதலில் நடைபாதை மனுவில் கையெழுத்து, அப்புறம்தான் பேன்ட். "அவசரமாப் போகணும்க்கா" என்று கெஞ்சியவனிடம், "ஜிப்பில்லாமப் போறியா, கையெழுத்துப் போட்டுட்டுப் போறியா?" என்று கேட்டாள். அவன் இரண்டு தடவை போட்டான். கவுன்சிலருக்கும் இதில் ஒரே சந்தோஷம். கெட்ட பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஓட்டுக் கேட்டு வந்தபோது அவள் வீட்டில் குடித்த காபிக்கு விசுவாசமாக, "அக்கா சொன்னா அப்பீலே இல்ல" என்றான்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். திரையில் பெரிய படம் ஓடியது. பளபளவென்று நடைபாதை, ஓரத்தில் மரம், மரத்தடியில் பெஞ்சு. நடுவில் சக்கர நாற்காலியில் ஒரு ஆள், சிரித்துக்கொண்டே போகிறான். ஜிப்பக்கா இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள். கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். மைக்கை நீட்டியதும் ஆவேசம் வந்துவிட்டது.

"ஆளாளுக்கு வாசல்ல பூந்தொட்டி வைக்கிறாங்க, ஸ்கூட்டருக்கு ஷெட் போடுறாங்க. நடக்குறவன் எங்க நடப்பான்? யாரு எவருன்னு முகம் பாக்காம எல்லாத்தையும் எடுங்க சார்!"

ஹாலே கைதட்டியது. பக்கத்து வீட்டு பேங்க்காரர் மட்டும் தட்டவில்லை. ஸ்கூட்டர் ஷெட் அவருடையது.

வீட்டுக்கு வந்து படத்தை ஒன்றுவிடாமல் புருஷனிடம் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படத்துல வீடு இருந்துச்சா?" என்றார்.

"மரம் இருந்துச்சு."

"வீடு?"

"பின்னால ஏதோ செவுரு மாதிரி... அதையெல்லாம் யாரு பாத்தா?"

"இல்ல, அந்த ஆளு எந்த வீட்லேர்ந்து வந்தான்னு கேக்குறேன். வாசல் ஒண்ணு இருந்திருக்கணும்ல?"

"போங்க! உங்களுக்கு எதைச் சொன்னாலும் நக்கல்" என்று அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

மழைக்காலம் முடிந்ததும் வேலை ஆரம்பித்தது. தெருக்கோடியிலிருந்து உடைத்துக்கொண்டே வந்தார்கள். பூந்தொட்டிகள் போயின, பேங்க்காரரின் ஷெட் போயிற்று. ஜிப்பக்கா மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். வேலைக்காரர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். டீயைக் குடித்துவிட்டு மேஸ்திரி டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா, இன்னும் வேணுமா?"

"இல்லம்மா. இந்தச் சரிவு... இதுவும் நடைபாதைக்குள்ள வருதும்மா."

அவளுக்கு முதலில் உறைக்கவே இல்லை. "அது அவருக்குப்பா. அவர் இறங்குறதுக்கு" என்றாள், விளக்கினால் புரிந்துகொள்வான் என்பது போல. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு இன்ஜினியரைக் கூப்பிட்டான். இன்ஜினியருக்கு வயசு சின்னது. ஜன்னலில் லாரிக்காரரைப் பார்த்ததும் அவன் முகம் வாடிப்போனது.

"எனக்கும் மனசு இருக்கும்மா. ஆனா படம் பாஸ் ஆயிடுச்சு. பாதை அகலம் ஒரே சீரா இருக்கணும். உங்களுக்கு ஒண்ண விட்டா பேங்க்காரர் சும்மா இருப்பாரா? அவர் ஷெட்டை எடுத்த அன்னிக்கே எழுதிப் போட்டுட்டாரு."

"ஷெட்டும் இதுவும் ஒண்ணாப்பா?"

"நான் சொல்லலம்மா. நீங்கதானே மைக்ல சொன்னீங்க, முகம் பாக்காம எடுங்கன்னு?"

என்னத்தைச் சொல்வாள்? சொன்னது அவள்தானே. தோட்டை விற்றுப் போட்ட சரிவு, அவள் கொடுத்த டீயை வாங்கிய கையாலேயே உடைந்தது. டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. லாரிக்காரர் ஜன்னலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "சில்லு தெறிக்குது, கண்ணைப் பாத்துக்கப்பா" என்று மேஸ்திரிக்குச் சொன்னார்.

சரிவுக்குப் பதிலாக எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி, சுவரோடு ஒட்டின செங்குத்துப் படி வைத்துக் கொடுத்தார்கள். நடைபாதை வழவழவென்று வந்தது. அதன் ஓரத்தில் வண்டி ஏறாமல் இருக்க இரும்புக் கம்பி வேலி. அக்கம்பக்கத்தில் கொண்டாட்டம். ஜிப்பக்கா ஒரு பலகையை வாங்கிப் படியில் சாய்த்துப் பார்த்தாள். கம்பி வேலி இடித்ததால் பலகையை நீட்ட முடியவில்லை. இருக்கிற இடத்தில் வைத்தால் ஏணி மாதிரி நின்றது. அப்படியும் ஒருநாள் துணிந்து இறக்கினாள். நாற்காலி அவள் பிடியிலிருந்து உருவிக்கொண்டு போய்க் கம்பியில் மோதியது. அவர் முழங்கை கிழிந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்து அவரை உள்ளே தூக்கி வைத்தது பேங்க்காரர்தான். தூக்கி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அப்புறம் அலைச்சல். ஆபீசில் கவுன்சிலரைப் பார் என்றார்கள். கவுன்சிலர், "அடுத்த கூட்டத்துல வெச்சுடுறேன்க்கா" என்றான். வைக்கவும் செய்தான் பாவம். ஆனால் அன்றைய கூட்டம் பூங்காவுக்கு யார் பெயர் வைப்பது என்ற சண்டையிலேயே முடிந்தது. அதற்கடுத்த கூட்டத்தில், ஒரு வாசலுக்காகத் தீர்மானத்தைத் திருத்தினால் ஊரில் உள்ள எல்லா வாசலுக்கும் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். யாரும் கோபப்படவில்லை, விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். யாராவது ஒருத்தராவது திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டாவது வந்திருப்பாள். அதற்கும் வழியில்லை.

டீக்கடை டிரைவர்கள் முதலில் வீடு தேடி வந்தார்கள். "அண்ணே, நாங்க நாலு பேரு இருக்கோம், தினமும் தூக்கிட்டுப் போயிடுறோம்" என்றார்கள். லாரிக்காரர் சிரித்தார்.

"நாலு பேரு தூக்கிட்டுப் போறது ஒரே ஒரு தடவைதாண்டா. அதுக்கு இன்னும் நேரம் வரல."

சொன்னால் சொன்னதுதான், மசியவே இல்லை. வருகிறவர்கள் குறைந்தார்கள். வாரத்துக்கு ஒருத்தர், பிறகு அதுவும் நின்றது. அவர்களைக் குறை சொல்லி என்ன பண்ண? டீக்கடைப் பேச்சை டீக்கடையில்தான் பேச முடியும். லாரிக்காரர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து புது நடைபாதையில் போகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசைப்பட்டு நானே கெடுத்தேனே என்று ஜிப்பக்கா ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

ஒருநாள் கவுன்சிலர் ஓடிவந்தான். "அக்கா, நல்ல சேதி! நாளைக்கு ஆணையர் வந்து பாதையைத் திறக்கிறாரு. அண்ணன் வரணும். படத்துல இருந்த மாதிரியே நாற்காலியில ஒரு ஆளு முதல்ல போகணும்னு மேலிடத்துல விரும்புறாங்க. அந்த நேரத்துல நானே ஆணையர் காதுல சரிவு விஷயத்தைப் போட்டுடுறேன்."

லாரிக்காரர் முடியாது என்று தலையாட்டினார். ஜிப்பக்கா அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவருக்கு அங்கே உணர்ச்சி கிடையாது, ஆனாலும் அந்தக் காலைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக ஒரே ஒரு தடவைங்க. அவரு ஒரு வார்த்தை சொன்னா வாசல் திரும்ப வந்துடும்."

"அந்த வெள்ளைச் சட்டையை எடு" என்றார்.

மறுநாள் கவுன்சிலர் அனுப்பிய நாலு பேர் வந்து நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்கினார்கள். தூக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆணையர் நல்ல மனிதர், குனிந்து கைகொடுத்தார். ஃபோட்டோக்காரன் கம்பி வேலி தெரியாமல், படி தெரியாமல், ஓரமாக மரம் மட்டும் தெரிகிற மாதிரி நிற்கச் சொன்னான். "சிரிங்க சார்." அவர் சிரித்தார். ஜிப்பக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஆணையரிடம் போய், சரிவு, படி, பலகை என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப நல்ல யோசனைம்மா. எழுதிக் கொடுங்க, அடுத்த திட்டத்துல கண்டிப்பாச் சேத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

திரும்பிப் பார்த்தால் லாரிக்காரரைக் காணவில்லை. அவர் தானாகவே சக்கரத்தை உருட்டிக்கொண்டு டீக்கடை வரைக்கும் போயிருந்தார். ஒரு குழி இல்லை, ஒரு தடங்கல் இல்லை. டிரைவர்கள் ஓவென்று கூச்சல் போட்டு இடம் விட்டார்கள். ஒரு டீ முடிகிற வரை அங்கே இருந்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் பழைய களை இருந்தது.

"அருமையான பாதைடி. ஒரு குறை சொல்ல முடியாது" என்றார்.

அவளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. தூக்க வந்த நாலு பேரில் இரண்டு பேர் ஆணையர் வண்டியோடு போய்விட்டார்கள். பேங்க்காரரையும், திறப்புக்கு வந்திருந்த மேஸ்திரியையும் கூப்பிட்டுத்தான் அவரை உள்ளே ஏற்ற வேண்டியிருந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் எதிர்ச்சுவரில் பெரிய போர்டு வைத்தார்கள். 'அனைவருக்குமான நடைபாதை' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே வெள்ளைச் சட்டையில் லாரிக்காரர், நாற்காலியில், சிரித்துக்கொண்டு. பின்னால் மரம். வீடு இல்லை, வாசல் இல்லை. ஜன்னலுக்கு நேர் எதிரே.

சாயங்காலம், டீக்கடை நேரம். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நூலைக் கடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டேனே, அந்தப் படத்துல இருந்த ஆளு எந்த வீட்லேர்ந்து வந்தான்னு?"

"ம்."

"அவனும் வந்திருக்க மாட்டாண்டி. நாலு பேரு தூக்கிட்டு வந்து வெச்சிருப்பாங்க."

நக்கல் என்று சொல்லி அவர் தோளில் ஒன்று வைக்க அவளுக்குக் கை எழவில்லை. மிஷினில் ஒரு பள்ளிக்கூடப் பை பாதி ஜிப்போடு கிடந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்டாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார் அவர், போர்டைப் பார்த்தபடியே. "அவனாவது வெளியில இருக்கான்."